முயலின் ஈரலும் பான்சோரிப் பாட்டும்

கொரிய நாட்டின் தென்மேற்குப் பகுதியான ஜொல்லா நிலத்தில் சிறந்து வளர்ந்த கதைப்பாட்டுக் கலை பான்சோரி எனப்படும். ஒரு பாய், அதன்மேல் விசிறி ஏந்தி நிற்கும் ஒரு பாடகர், அருகே பறையுடன் அமர்ந்த ஒருவர். அரங்கு இவ்வளவே. பாடகர் ஒருவரே பாட்டும் உரையுமாகக் கதை நடத்துவார். அரசனும் அவரே, ஆமையும் அவரே. பறை கொட்டுபவர் இடையிடையே 'ஒல்சிகு' என்று குரல் கொடுத்து ஊக்குவார். அவையோரும் அவ்வாறு குரல் எழுப்புதல் மரபு. வாய்மூடி இருத்தல் அங்கு நல்ல அவைக்கு அழகன்று. 'சுன்யாங்' கதையை முழுதும் பாட எட்டு மணி நேரம்வரை ஆகும்.

பன்னிரண்டாக இருந்த கதைகளுள் ஐந்தே இன்று பாட்டோடு வழிவழி வந்துள்ளன. சின் ஜே-ஹியோ (1812–1884) என்பார் ஆறு கதைகளின் பாடத்தைச் செப்பஞ்செய்தார். ஆறாவதற்கு ஏடு எஞ்சிற்று. அதைப் பாடும் மரபோ அறுந்தது. வாய்வழிக் கல்வியின் அருமை இதனால் விளங்கும்.

ஐந்தனுள் ஒன்று 'சுகுங்கா'. கடலரசன் நோயுற்றான், முயலின் ஈரலே மருந்து என்றனர். ஆமை கரையேறி முயலை ஏமாற்றி அழைத்துச் சென்றது. முயலோ, ஈரலைக் கரையில் வைத்துவிட்டு வந்ததாகக் கூறித் தப்பியது. நம் மாணாக்கர்க்கு இது புதுக்கதையன்று. பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையுமே இவை. பௌத்தரின் சாதகக் கதைகளிலும் இது உண்டு. பௌத்த நூல்களோடு சீனம் கடந்து கொரியா சென்றதென்பர். 1145இல் தொகுக்கப்பெற்ற 'சம்குக் சகி' என்னும் வரலாற்று நூலிலேயே முயலும் ஆமையும் வந்துவிட்டன.

ஜப்பானியர் ஆட்சி (1910–1945), அதன்பின் 1950இல் மூண்ட போர், திரைப்படம், மேலையிசை ஆகியவற்றால் இக்கலை நலிந்தது. 1962இல் தென்கொரிய அரசு பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் இயற்றி, 1964இல் பான்சோரியை அதன்கீழ்ச் சேர்த்தது. முதுபெரும் பாடகர்க்கு உதவித்தொகை அளித்து, மாணவரைப் பயிற்றச் செய்தது. 2003இல் யுனெஸ்கோவும் இதனைப் போற்றி அறிவித்தது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பழைய பாடகர் ஒவ்வொருவரும் தாமே புனைந்த ஒரு பகுதியைக் கதையில் சேர்ப்பர். அதற்குத் 'தொனும்' என்று பெயர். ஆசிரியர் பாடியதை அப்படியே பாடுவதைப் 'புகைப்படப் பாட்டு' என்று இகழ்வர். சட்டமோ மூலவடிவம் மாறாமை வேண்டும் என்றது! இகழப்பட்டதே இலக்கணமாயிற்று. எனினும், அச்சட்டம் வந்திராவிடின் இது பற்றி வாதிடப் பாடகர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்?

இளையோர் வேறு வழி கண்டனர். 19ஆம் நூற்றாண்டுப் பாடகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய 'இ நல்ச்சி' என்னும் குழு, பறையை விடுத்து, இரண்டு பேஸ் கிட்டார்களும் டிரம்ஸும் கொண்டு சுகுங்காவைப் பாடியது. 2020இல் அதில் ஒரு பகுதி உலகெங்கும் பரவிற்று. அப்பகுதி ஒரு சொற்பிழையால் விளைந்தது. நெடுந்தொலைவு நீந்தித் தாடை விறைத்த ஆமை, முயலைக் குறிக்கும் 'தோ' என விளிக்க முயன்று, நாக் குழறி 'ஹோ' என்றது. 'ஹோ' என்றால் புலி. தன்னை மரியாதையுடன் யாரோ அழைப்பதாக மகிழ்ந்து மலையிலிருந்து இறங்கி வருகிறது புலி.