கீமோ எடுப்பவருக்குப் பேதியா? ‘மருந்துச் சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்

லிம்போமாவுக்குக் கீமோ எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்குப் பேதி கண்டால், ‘மருந்துச் சூடு’ என்று மோரும் வெந்தயமும் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். கீமோவாலும் வயிறு போகும்தான். ஆனால் நோரோ, ரோட்டா, அடினோ போன்ற வைரஸ்களாலும் அப்படித்தான் போகும். எது காரணம் என்பதை மலப் பரிசோதனைதான் சொல்லும், கேட்டு வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு நோரோ இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். லிம்போமாவில் பலருக்கும் ஏற்றப்படும் ரிட்டுக்ஸிமாப், நோயுற்ற பி அணுக்களோடு நல்லவற்றையும் அழித்துவிடுகிறது. கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி உருவாவது அவற்றிலிருந்துதான். கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதமோ அதற்கு மேலோ இந்தக் குறை நீடிக்கும். ‘கீமோ முடிந்து மூன்று மாதம் ஆயிற்றே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மலத்தில் ரத்தம் கண்டால் சி.எம்.வி. வைரஸாகவும் இருக்கலாம். குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள்; அதற்கு கான்சிக்ளோவிர் இருக்கிறது. நோரோவுக்கு அப்படி நிச்சயமான மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் காப்பதே முதல் வேலை.

சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், நோரோ அதற்கு எளிதில் அடங்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்றும் உண்டு. 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். சில நாட்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், குழந்தையைக் கழுவிவிடும் வேலையை வேறொருவர் செய்யட்டும்.

அடுத்த கீமோ தள்ளிப்போகுமே என்று பேதியை மறைப்பவர்கள் உண்டு. இது அவருக்கும் ஆபத்து, பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஆபத்து. வார்டுக்குள் போகும் முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திராதீர்கள், 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் கடைசி கீமோ தேதியை முதலில் சொல்லுங்கள். சிகிச்சைக் குறிப்புகளின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.