கொப்புளமும் குலப்பழியும்

பிறந்து சில நாட்களே ஆன சிசுவின் குதிங்காலிலும் கைகளிலும், துணி உராய்ந்த இடமெல்லாம், தீப்பட்டாற்போல் நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. அம்மை என்பார் சிலர். கர்ப்ப காலத்தில் தாய் உண்ட உணவின் கோளாறு என்பார் வேறு சிலர். யார் செய்த பாவமோ என்னும் முணுமுணுப்பு கிறிஸ்தவ இல்லங்களிலும் கேட்கத்தான் செய்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என வினவியதையும், ஆண்டவர் இரண்டையும் மறுத்ததையும் அருளப்பர் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. தவக்காலத்தில் அதனை வாசிக்கக் கேட்கும் நாமே, வீட்டுக்குத் திரும்பியதும் சீடர்களின் வினாவையே மீண்டும் கேட்கிறோம்.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்னும் பெயரை இந்நோய்க்கு 1886-இல் வழங்கியவர் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர். இது தொற்றுநோயன்று. தோலின் எந்த அடுக்கில் பிளவு நேர்கிறது என்பதைக் கொண்டு இதனை நான்கு பெரும் வகைகளாகப் பிரிப்பர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது மேல்தோலுக்குள்ளேயே பிளவு நேரும் எளிய வகை. ('எளிய' என்பது மருத்துவ நூலார் இட்ட பெயர், இரவெல்லாம் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அது எளியதாக இராது.) இவ்வகையின் காரணம் பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தில் உள்ளது.

மேல்தோலின் அடிவரிசை அணுக்களுக்குள் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்னும் இருவகை இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டு வடமாகின்றன. கயிறு திரிப்பவர் இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்குவதை ஒப்ப இதனைக் கருதலாம். அவ்வடமே அணுவுக்கு உறுதி தருகிறது. வடம் நைந்தால், சிறு உராய்வுக்கும் அணு கிழிந்து, அங்கே நீர் கோத்துக் கொப்புளமாகிறது.

இவ்வுண்மை வெளியான வகை சுவையானது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆய்ந்துவந்த எலேன் ஃபியூக்ஸ் என்னும் அம்மையார் நோயிலிருந்து தொடங்கவில்லை; கெரட்டினிலிருந்து தொடங்கினார். பழுதுபட்ட கெரட்டின் 14 மரபணுவை அவரது குழுவினர் சுண்டெலிகளுக்குள் புகுத்தினர். எலிகளின் தோலில் கொப்புளங்கள் எழுந்தன. மனிதருள் இதையொத்த நோய் யாது எனத் தேடியபோது எபிடெர்மோலிசிஸ் புல்லோசா கண்ணிற்பட்டது. பின்னர் கடும் வகை நோயுற்ற இருவரை ஆராய்ந்தனர். கெரட்டின் 14-இல் உள்ள 472 அமினோ அமிலங்களுள் 125-ஆவது இடத்தில் ஆர்ஜினைன் இருத்தல் வேண்டும். ஒருவரிடம் அங்கே சிஸ்டீனும், மற்றவரிடம் ஹிஸ்டிடினும் இருந்தன. 1991-இல் இம்முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டில் அமெரிக்காவின் வேறொரு குழுவினரும் கெரட்டினையே சுட்டினர். மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியதன் விளைவு இது. அவ்விடம் எளிதில் மாறக்கூடிய இடமாதலால், உறவே இல்லாத பல நாட்டுக் குடும்பங்களில் இதே மாற்றம் தனித்தனியே தோன்றியுள்ளது.

இன்று மரபணுச் சோதனைகள் நம் நகரங்களிலும் கிடைக்கின்றன. சோதனைத் தாள் கைக்கு வந்தபின் எழும் குழப்பத்தைப் பற்றியே நாம் இங்குச் சிறிது விரிவாகப் பேச விழைகிறோம். கெரட்டின் மரபணுவில் மாறுபாடு உண்டு என்று தாள் சொல்வதனாலேயே, அதுதான் நோயின் காரணம் என்று ஆகிவிடாது. நம் ஒவ்வொருவருடைய மரபணுக்களிலும் தீங்கற்ற மாறுபாடுகள் பல உள்ளன. எனவே 2015-இல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் வகுத்த நெறிப்படி மாறுபாடுகளை ஐந்து தரங்களாகப் பிரிக்கின்றனர்: நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் தெளிவுறாதது, தீங்கற்றதாகலாம், தீங்கற்றது. நடுவில் நிற்கும் மூன்றாவது தரமே குடும்பங்களை அலைக்கழிக்கிறது. தெளிவுறாதது என்று எழுதியிருப்பதை 'நோய் உறுதி' என்று படித்துவிட்டு மகளின் திருமணப் பேச்சையே நிறுத்துவோர் உண்டு.

தரம் பிரிப்போர் எவற்றை நோக்குகின்றனர்? மாற்றம் இழையின் முனைப்பகுதியில் உள்ளதா என்பது ஒன்று; வடம் முறுக்கேற உதவும் இடங்கள் அவை. 125-ஆவது இடம் அத்தகையது. குடும்பத்தில் நோயுற்றோர் அனைவரிடமும் அம்மாற்றம் உள்ளதா, நலமுற்றோரிடம் இல்லையா என்பது மற்றொன்று. நோயற்ற பொதுமக்களிடம் அது காணப்படுகிறதா என்றும் பார்ப்பர். இங்கே ஓர் இடர்ப்பாடு. உலகத் தொகுப்புகளில் ஐரோப்பிய வழியினரே பேரளவில் இடம்பெற்றுள்ளனர், நம்மவர் குறைவு. நம்மிடையே பரவலாக உள்ள தீங்கற்ற மாறுபாடு அங்கே அரியதாகத் தோன்றி ஐயத்தை வளர்க்கக் கூடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கோணிய புரி, இல்லாத புரியைவிடத் தீங்கானது. அது நல்ல புரியோடு சேர்ந்து முழு வடத்தையும் கெடுக்கிறது. ஆகவே எழுத்து மாறிய ஒரு பிரதி போதும், நோய் வர. ஆனால் கெரட்டின் 14-இன் ஒரு பிரதி அறவே செயலற்றுப் போனாலும், மறு பிரதியைக் கொண்டு தோல் பெரும்பாலும் சமாளித்துக் கொள்ளும். இரு பிரதிகளும் செயலற்ற குழந்தைக்கே கொப்புளம் காணும். கெரட்டின் 5-இன் ஒரு பிரதி செயலற்றால், கொப்புளமின்றி, தோல் மடிப்புகளில் வலைபோன்ற கருமை படரும் டௌலிங்-டீகோஸ் என்னும் வேறு நோய் உண்டாகலாமென 2006-இல் கண்டனர். ஒரே மரபணு, பொருளோ மாற்றத்திற்கேற்ப வேறு.

முதல் வகையில் நோயுற்ற தாய் அல்லது தந்தையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 50. பெற்றோர் இருவரும் நலமாயிருக்க, மாற்றம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அங்கே பழிக்கு ஆளே இல்லை. மாமியார் யாரைக் குறை கூறுவார்? இரு பிரதிகளும் பழுதாகும் வகையில், நலமாயிருக்கும் பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருப்பர். இரத்த உறவில் மணந்தோரிடம் இது நேர வாய்ப்பு மிகுதி. மாமன் மகளை மணப்பதற்குத் திருச்சபைச் சட்டம் விதிவிலக்குக் கேட்கச் சொல்வதை நாம் வெறும் தாள் வேலையாகக் கருதிவிடுகிறோம். குடும்பத்தில் இந்நோய் இருந்தால், பங்குக் குருவிடம் போவதற்கு முன் மரபியல் மருத்துவரைக் காண்பது நன்று.

கருவிலேயே சோதிப்பது பற்றிக் கேட்போருக்கு, 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட போதனை தெளிவானது: குழந்தையைக் காக்கவும் குணப்படுத்தவும் நோக்கமாயின் சோதனை தகும், முடிவைக் கண்டு கருவை அழிக்கும் எண்ணத்தோடு செய்வது தகாது. அதிலும், பொருள் தெளிவுறாத ஒரு மாறுபாட்டை வைத்துக்கொண்டு ஓர் உயிரின் மேல் தீர்ப்பெழுத அறிவியலே இடந்தரவில்லை. கடும் வகையிலும் பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் கொப்புளங்கள் குறைவதுண்டு.

சோதனைத் தாளைப் பத்திரப்படுத்துக. இன்று தெளிவுறாதது என்றிருப்பது, வேறு குடும்பங்களின் விவரங்கள் சேர்ந்தபின் சில ஆண்டுகளில் தரம் மாறலாம். மருத்துவரிடம் மீண்டும் கேட்பது முறை. நோயை அடியோடு நீக்கும் மருந்து எளிய வகைக்கு இன்னும் இல்லை. கொப்புளத்தைத் தூய ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விடவேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது. வெப்பம் கொப்புளத்தை மிகுவிக்குமாதலால் கோடையில் கூடுதல் கவனம் தேவை. சட்டையைத் தையல் வெளிப்புறம் தெரியுமாறு திருப்பி அணிவிக்கலாம். ஞானஸ்நானத்தன்று ஞானப்பெற்றோர் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், மெத்தென்ற துணி விரித்து, தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளைச் செலுத்தி, அத்துணியோடு ஏந்தி வருவார்களாக.