இரத்தக் கொதிப்பு: நலமாக உணர்ந்தால் மருந்தை நிறுத்தலாமா?

ரப்பர் மரத்தைத் தாக்கும் வெண்வேர் நோயைத் தோட்டப் பாட்டாளிகள் நன்கறிவர். மேலே தழை பசுமையாகவே இருக்கும். இலை மஞ்சளிக்கும்போது வேரில் பெரும்பகுதி அழுகியிருக்கும். உயர் இரத்த அழுத்தம் எனப்படும் இரத்தக் கொதிப்பும் அத்தகையதே.

பெரும்பாலோர்க்கு இந்நோய் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. “தலை சுற்றவில்லை, பிரட்டுக்குத் தவறாமல் போகிறேன், எனக்கேது கொதிப்பு?” என்று எண்ணுதல் தவறு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அதுவரை அதனை அறியாதிருந்தனர்.

அளந்து பார்ப்பதே அறியும் வழி. மழையால் பால்வெட்டு நின்ற நாளில் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளியே. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பியையும் சிகரெட்டையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90ஐ எட்டினால், அது இரத்தக் கொதிப்பாகும்.

மாத்திரை கொதிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. பெரும்பாலும் அதனை வேரோடு களைவதில்லை. அளவு குறைந்ததும், “குணமாகிவிட்டது” என்று மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே உளர். குறைந்தது மாத்திரையினால் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறி மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றை ஓசையின்றிக் கெடுக்கும். ஒருநாள் பால்வெட்டும் கை விளங்காமல் போனால், குடும்பத்தின் வருமானமும் அன்றோடு நின்றுவிடும்.

மாத்திரையினால் இருமலோ கால்வீக்கமோ கண்டால் மருத்துவரிடம் கூறுக. வேறு மருந்து தருவார். அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்ணலாகாது. முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் கொதிப்பை ஏற்றும்.

உணவில் உப்பைக் குறைத்தல் இன்றியமையாதது. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாதிருத்தல் நலம். கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப், பொட்டல மீயின் மசாலைத்தூள் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். கருவாட்டை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். புகையையும் மதுவையும் விலக்குதல் மருந்துக்குத் துணையாகும்.

மரத்தைப் பட்டை காயாமல் அளவோடு வெட்டிக் காக்கும் நாம், நம் உடலையும் அவ்வாறே காத்துக்கொள்வோமாக. இந்த மாதமே நம் இல்லத்துப் பெரியவர்கள் அனைவரும் அளந்து பார்ப்போம்.