விரல் நுனியில் 15 டன்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிய தொழிற்சாலை ஒன்று எழப்போகும் இடத்துக்கு முதலில் வந்து சேர்வது எது? செங்கல்லும் அல்ல, சிமெண்டும் அல்ல. மண் தோண்டும் மஞ்சள் இயந்திரம்தான். அதைப் 'பொக்லைன்' என்கிறோம். உண்மையில் அது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். நாளடைவில் இயந்திரத்துக்கே பெயராகிவிட்டது.

இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் தொழிலும் இந்த மாவட்டத்தில் உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திவந்த தொழிற்சாலையைப் பின்னர் காட்டர்பில்லர் நிறுவனம் வாங்கியது. சுரங்கங்களில் ஓடும் மாபெரும் டம்பர் லாரிகள் அங்கே உருவாகின்றன. இயந்திரத்தைச் செய்தாயிற்று, இயக்குபவரை எப்படி உருவாக்குவது?

உதவியாளாகச் சேர்ந்து, ஆப்பரேட்டரின் கையைப் பார்த்தே தொழில் கற்றவர்கள் பலர். கையசைவைப் பார்த்துக் கற்கலாம். ஆனால் இயந்திரம் எந்த எல்லையில் கவிழும் என்பது கண்ணுக்குத் தெரியாதே! அந்த எல்லையைக் கற்பிப்பதுதான் பயிற்சி.

கை அறியாத கனம்

பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். இயந்திரத்தின் உருளைக்குள் எண்ணெய் ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிலோகிராம் அழுத்தத்தில் பாய்வதாகக் கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 10 செ.மீ. என்றால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்குங்கள். 15,700 கிலோகிராம்! மூன்று யானைகளின் எடைக்கும் மேல். இதை ஏவுவது லிவரை மெல்லத் தள்ளும் விரல்கள். பக்கெட் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கை எச்சரிக்காததை அறிவுதான் எச்சரிக்க வேண்டும்.

புத்தகப்பைச் சோதனை

உங்கள் புத்தகப்பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். பை அதேதான், தோள் ஏன் வலிக்கிறது? தொலைவு கூடினால் திருப்புத்திறன் கூடுகிறது. கிரேனும் அப்படித்தான். 4 மீட்டர் தொலைவில் 5 டன் என்றால் 20 டன்-மீட்டர். அதே சுமை 8 மீட்டருக்குப் போனால் 40. எனவே 8 மீட்டரில் இரண்டரை டன்னுக்கு மேல் தூக்கலாகாது. கிரேன் கையின் சொந்த எடையும் வெளியே சாய்வதால் உண்மை எல்லை இன்னும் குறைவு. இதைக் கணக்கிட்டுத் தருவதே கிரேனின் சுமை அட்டவணை. அதைப் படிக்கத் தெரியாதவர் கிரேனில் ஏறக்கூடாது.

உள்ளுணர்வு ஏமாற்றும் நேரம்

இயந்திரம் சாயும்போது வெளியே குதிக்கவே மனம் தூண்டும். குதிப்பவர் மேலேயே இயந்திரம் விழக்கூடும். உறுதியான பாதுகாப்புச் சட்டம் பொருத்திய அறையில், இருக்கைப் பட்டை அணிந்து, உள்ளேயே அமர்ந்திருப்பதுதான் பாதுகாப்பு.

மின்கம்பி இன்னொரு எமன். வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் உயர் அழுத்தக் கம்பிகள் இந்த மாவட்டத்தின் வழியே செல்கின்றன. இயந்திரம் கம்பியில் பட்டுவிட்டால், மின்சாரம் நிறுத்தப்படும் வரை இருக்கையை விட்டு இறங்கலாகாது. தீப்பிடித்தால் மட்டும், இயந்திரத்தையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் நகர்ந்து விலக வேண்டும். ஏன்? தரையில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடும். கால்களை அகட்டி வைத்தால் அந்த வேறுபாடு உடல் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திவிடும்.

இவற்றையெல்லாம் உண்மையில் செய்து பார்க்க முடியுமா? அதற்குத்தான் பாவனை இயந்திரம். 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் விமானிகளுக்காகச் செய்த கருவி இதற்கு முன்னோடி. இன்று திரையின் முன் அமர்ந்து கிரேனைக் கவிழ்த்தும் பாடம் கற்கலாம், உயிர்ச்சேதம் இல்லை.

கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்காக 1998-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், தூக்கும் இயந்திரத்தை இயக்குபவர் 18 வயது கடந்தவராகவும், திறமையும் ஆபத்தைப் பற்றிய அறிவும் உடையவராகவும் இருக்க வேண்டும் என்றன. உங்களுக்கு அந்த வயது வர இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. ஆனால் அந்தத் தொழிலின் முதல் பாடங்கள் உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இப்போதே இருக்கின்றன.

அடுத்த முறை பொக்லைனைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். நல்ல ஆப்பரேட்டர் ஏறியதும் லிவரைத் தொடுவதில்லை. ஏறும் முன்பே இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, யாரும் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டிருப்பார்.