வள்ளி: ஒரு பெண்பெயரின் பொருட்பரப்பும் பெயராக்க வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

‘வள்ளி’ என்னும் சொல் தமிழில் பெண்ணின் இயற்பெயராகவும், தெய்வப் பெயராகவும், கொடி, கிழங்கு, கூத்து, புறத்துறை ஆகியவற்றின் பெயராகவும் வழங்குகிறது. இப்பொருள்கள் அனைத்தையும் அகராதிகள் ஒரே பதிவின்கீழ் வரிசைப்படுத்துகின்றன. அவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு கிளைத்தன, எக்காலத்தில் கிளைத்தன என்பவற்றை வேறுபடுத்திக் காணாவிடின் பழம்பாடல்களின் பொருளே பிறழும். இக்கட்டுரை இலக்கியம், இலக்கணம், தாவரவியல் ஆகிய மூன்று துறைகளின் துணைகொண்டு அக்கிளைப்பை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வள்ளி, ஆகுபெயர், கிழங்குப் பெயர்கள், வள்ளிக்கூத்து, சொற்பொருள் மாற்றம்

1. சங்க இலக்கியத்தில் வள்ளி

சங்க நூல்களில் வள்ளி இருநிலைகளில் இடம்பெறுகிறது. ஒன்று பெண்ணின் பெயர். நற்றிணையின் 82ஆம் பாடலில், தன்னுடன் வந்த தலைவிக்கு, முருகனுடன் சென்ற வள்ளியை உவமையாகக் கூறுகிறான் தலைவன். கதையை விரித்துரைக்காமல் பெயரை மட்டும் சுட்டுவதால், கேட்போர் அக்கதையை முன்னரே அறிந்திருந்தனர் என்பது பெறப்படும். திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு முகங்களின் செயல்களைக் கூறுமிடத்து, ஒரு முகம் குறவர் மகளாகிய வள்ளியுடன் மகிழ்ந்திருப்பதாகக் காட்டுகிறது. அங்கு அவள் இடைக்குக் கொடி உவமையாவது கருதத்தக்கது. பெயருக்கும் கொடிக்கும் உள்ள உறவு அப்புலவர் நெஞ்சில் நின்றது எனக் கொள்ள அது இடந்தருகிறது.

மற்றொன்று நிலைத்திணைப் பெயர். புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர், பாரியின் பறம்பு மலை உழவர் உழாது தரும் விளைபொருள்கள் நான்கைக் கூறுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மூவேந்தர் முற்றுகையிட்டும் பறம்பு பசியால் வீழாது என்னும் வாதத்திற்கு இந்நான்குமே சான்று. வள்ளியைக் கொடியுடன் சேர்த்தே கபிலர் கூறுவதால், மேலே கொடியும் கீழே கிழங்கும் உடைய தாவரமே இங்குக் குறிக்கப்படுகிறது என்பது தெளிவு.

2. இலக்கண உரைகளில் வள்ளி

தொல்காப்பியப் புறத்திணையியலில் இச்சொல் இருமுறை வருகிறது. வெட்சித்திணையில் ‘வாடா’ என்னும் அடையுடன் வரும் வள்ளிக்கு, வாடும் கொடி அல்லாத வள்ளிக்கூத்து என நச்சினார்க்கினியர் உரை காண்கிறார். ஒரே சொல் கொடியையும் கூத்தையும் குறித்தமையால் மயக்கம் நேரா வண்ணம் அடை புணர்க்கப்பட்டது. அடையின் பயன் இங்கு அழகன்று, பொருள் வரையறை. இக்கூத்துப் பெயர் பெரும்பாணாற்றுப்படையிலும் அதே அடையுடன் காணப்படுகிறது.

பாடாண்திணையில் கொடிநிலை, கந்தழி ஆகியவற்றுடன் சேர்த்துக் கூறப்படும் வள்ளிக்கு நச்சினார்க்கினியர் தண்கதிர் மண்டிலமாகிய திங்கள் எனப் பொருள் கொள்கிறார். புறப்பொருள் வெண்பாமாலையோ, மகளிர் முருகனுக்கு வெறியாடுதலைக் கூறும் துறைக்கு வள்ளி எனப் பெயரிடுகிறது. ஒரே சொல்லுக்கு வானியற் பொருளும் வழிபாட்டுப் பொருளும் கூறப்பட்டமை, இச்சொல்லின் பரப்பு இடைக்காலத்திலேயே உரைகாரர்க்குச் சிக்கலாக இருந்ததைக் காட்டுகிறது.

கொடை என்னும் பொருள்பட வரும் ‘வள்ளியோர்’ முதலிய சொற்கள் வண்மையின் அடியாகப் பிறந்தவை. அவற்றை இவ்வரிசையில் சேர்த்தல் பொருந்தாது.

3. கிழங்கிலிருந்து தெய்வம்

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் பெயர்க்காரணத்தை நேரடியாகவே கூறுகிறது. மான் ஈன்ற மகவு, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்தது. வேடர் தலைவனாகிய நம்பி அதனை எடுத்து வளர்த்தான். குழியின் தொடர்பால் வள்ளி எனப் பெயரிட்டனர் என்பது கதை. பிறப்பிடத்தால் பெயர் அமைந்ததாக இது காட்டுகிறது. வரலாற்று நோக்கில் இதனைப் பிற்காலப் பெயர் விளக்கம் எனக் கொள்ளினும், கிழங்கு அகழ்ந்து உண்ணும் மலைவாழ் மக்களின் வாழ்க்கையும் தெய்வத்தின் பெயரும் ஒன்றையொன்று பற்றி நின்றமையை இக்கதை தெளிவாகப் பதிவு செய்கிறது.

இலங்கையின் கதிர்காமத்தில் வள்ளியை வேடர் குலத்தினளாக வழிபடும் மரபு உள்ளது. ஆடித் திருவிழாவில் முருகனின் ஊர்வலம் வள்ளியின் கோயிலுக்குச் செல்கிறது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ நாடகமும் கொங்குப் பகுதியின் வள்ளி கும்மியும் இப்பெயரை மக்கள் கலைகளில் நிலைபெறச் செய்தன.

4. தாவரப் பெயராக்கத்தில் வள்ளி

கொடியின் பெயர் அதன் கிழங்குக்கு ஆவது நன்னூலார் கூறும் பொருளாகுபெயரின்பாற்படும். தாமரை என்னும் முதலின் பெயர் அதன் மலருக்கு ஆவது போன்றதே இது. இந்நெறி அயல்நாட்டுப் பயிர்கள் வந்தபொழுது மேலும் ஒரு படி சென்றது.

வள்ளி என்னும் பெயர் பெற்ற கிழங்குப் பயிர்கள் மூன்று குடும்பங்களைச் சார்ந்தவை. பெருவள்ளி, சிறுவள்ளி, யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் இராசவள்ளி ஆகியவை டயோஸ்கோரியேசியே குடும்பத்தின் டயோஸ்கோரியா பேரினத்தவை. இவை ஒருவித்திலைத் தாவரங்கள். பற்றுக்கோட்டைச் சுற்றிப் படரும் கொடிகள். கொடியிலேயே காய் போன்ற கிழங்கு காய்ப்பதால் ஒன்று காய்வள்ளி எனப்பட்டது. சர்க்கரைவள்ளி (ஐப்போமியா படாட்டாஸ்) கன்வால்வுலேசியே குடும்பத்தைச் சார்ந்தது. மரவள்ளி (மானிஹாட் எஸ்குலென்டா) யூபோர்பியேசியே குடும்பத்தைச் சார்ந்தது. பின்னவை இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டவை. போர்த்துகீசியக் கடல்வழித் தொடர்புக்குப் பின்னரே இந்தியாவிற்கு வந்தவை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார்.

இப்பெயர்களில் மூன்று படிநிலைகள் புலப்படுகின்றன. முதற்படியில் வள்ளி கொடி. இரண்டாம் படியில் அது கொடியும் கிழங்கும் உடையது; நிலத்திற் படரும் சர்க்கரைவள்ளி இவ்விரு பண்பும் உடைமையின் பெயர் எளிதிற் பொருந்திற்று. மூன்றாம் படியில் கொடித்தன்மை முற்றும் நீங்கிக் கிழங்கு மட்டுமே எஞ்சியது. மரவள்ளி படர்வதன்று, நிமிர்ந்து நிற்கும் குறுஞ்செடி. வள்ளி என்பதற்குக் கொடி என்னும் பொருளே மக்கள் வழக்கில் மேலோங்கி நின்றிருப்பின் ‘மரவள்ளி’ என்னும் தொடர் முரணாகத் தோன்றியிருக்கும். அம்முரண் உணரப்படாமையே பொருள் மாறிவிட்டமைக்குத் தக்க சான்று. குச்சிக்கிழங்கு என்னும் மற்றொரு பெயரும் அச்செடியின் தண்டையே நோக்கி எழுந்தது.

இதன் பயன் உரைகாணும் முறையில் வெளிப்படும். இன்றைய வாசகருக்கு வள்ளிக்கிழங்கு என்றவுடன் சர்க்கரைவள்ளியே நினைவில் எழும். புறநானூற்று 109ஆம் பாடலுக்கு அப்பொருள் கொள்வது காலப்பிழையாகும். கபிலர் சுட்டியது டயோஸ்கோரியா இனக் காட்டுக்கிழங்காதலே பொருந்தும். பறம்பின் வளம் உழாது கிடைப்பது என்பதே பாடலின் உயிர்நிலையாதலால், தண்டு நட்டுப் பயிரிடும் பிற்காலப் பயிரை அங்கு வைப்பின் கபிலரின் வாதமே வலுவிழக்கும்.

5. அறிவியல் நூல்களில் ‘வள்ளி’

மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. செம்பரவள்ளி, நாகமுவள்ளி முதலிய மலையாளப் பெயர்கள் அதில் இலத்தீன் எழுத்தில் இடம்பெற்றன. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர இனங்கள் பற்றிய நூலில் இப்பெயர்களை மேற்கோளாகக் காட்டினார். இங்கு வள்ளி என்பது கிழங்கைக் குறியாது. படர்கொடியை மட்டுமே குறிக்கிறது. கிழங்குப் பொருள் கிளைத்து வளர்ந்தபொழுதும் பழைய கொடிப் பொருள் மேலைக் கடற்கரையில் உயிருடன் இருந்தமைக்கு இது எழுத்துச் சான்றாகும்.

லகரம் பெற்ற ‘வல்லி’ வடமொழி வழியாக வழங்கும் வடிவம். நாகவல்லி (வெற்றிலை), அமிர்தவல்லி (சீந்தில்) முதலிய மருத்துவப் பெயர்களிலும், குடந்தைச் சார்ங்கபாணி கோயிலின் கோமளவல்லித் தாயார் முதலிய தெய்வப் பெயர்களிலும் அது வருகிறது. இவற்றிற் கிழங்குப் பொருள் இல்லை. அப்பொருள் ளகர வடிவிற்கே உரியதாய் வளர்ந்தது.

6. மக்கட்பெயராக வள்ளி

தென்னாப்பிரிக்க அறப்போரில் 1913ஆம் ஆண்டு சிறை சென்று, 1914 பிப்ரவரி 22இல் தம் 16ஆம் அகவையில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை, பெற்றோரின் ஊரைக் கண்டிராதவர், ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். கடல் கடந்த குடும்பம் மகளுக்குக் குறமகளின் பெயரை இட்டமை, இப்பெயர் நிலத்தைச் சாராது மரபைச் சார்ந்து சென்றதைக் காட்டுகிறது. மக்கட்பெயராகுங்கால் கொடியும் கிழங்கும் பின்னே மறையத் தெய்வப்பெயர் ஒன்றே பொருளாகிறது.

7. முடிவுரை

வள்ளியின் பல பொருள்களும் தற்செயலாக ஒலி ஒத்த சொற்கள் அல்ல. கொடியிலிருந்து கிழங்கும், கிழங்கின் தொடர்பாற் குறமகளின் பெயரும், அவள்வழிக் கூத்தும் துறையும் மக்கட்பெயரும் கிளைத்தன என்பதே இதுவரை கண்ட சான்றுகளுக்கு இயைந்த விளக்கம். திங்கள் என்னும் பொருள் மட்டும் உரைகாரரின் தனிக்கொள்கையாய் நிற்கிறது. ஆகவே, அகராதிப் பதிவுகளிலும் சங்க நூற் சொல்லடைவுகளிலும் வள்ளியின் கிழங்குப் பொருளைக் கால அடிப்படையில் இரண்டாகப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். கபிலரின் வள்ளியும் இன்றைய சந்தை வள்ளியும் பெயரால் ஒன்று, பொருளால் வேறு.