ஒரே குச்சி... வேற லேபிளா?

கோவில்பட்டிக்காரனிடம் போய் பிராண்ட் மகிமை பேசினால் லேசாகச் சிரிப்பான். லேபிள் ரகசியம் தெரிந்த ஊர் சார் இது! தீப்பெட்டி மேலே மயில் இருந்தாலும் மான் இருந்தாலும் உள்ளே இருப்பது குச்சிதான் என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதும் என் சிநேகிதனுக்கும் அதே நம்பிக்கை. அவன் பையனுக்கு ஒன்பது வயசு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான், வகுப்பில் பாதிக் கணக்கோடு எழுந்து போய்விடுவான். 'வாலு' என்று சொந்தக்காரர்கள் பட்டம் கொடுத்தார்கள். டாக்டர் ஏ.டி.ஹெச்.டி. என்றார். பயிற்சியோடு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் மாத்திரையும் எழுதினார். பெயர் மெத்தில்ஃபெனிடேட். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு கடி!

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன்தானே? அதே மருந்து வேற கம்பெனில கம்மி விலைக்கு இருக்காம். மாத்திரலாமா?"

என் டிகிரிக்கு இப்படி ஒரு சோதனை! விசாரித்தேன்.

ரீட்டாவின் மாத்திரை

இந்த மருந்தை 1944-ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் உருவாக்கியவர் லியாண்ட்ரோ பானிசோன். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்து வந்ததுதான் 'ரிட்டலின்'. நம்மாட்கள் லாரிக்குத்தான் மனைவி பெயர் வைப்பார்கள். இவர் மாத்திரைக்கே வைத்துவிட்டார்!

காப்புரிமை தீர்ந்தால் அதே மருந்தை யாரும் அனுமதி வாங்கிச் செய்யலாம். அதுதான் ஜெனரிக். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்மூர்க் கடைகளில் 'பிராண்ட்' என்று நாம் கும்பிடுகிற மாத்திரைகளில் பெரும்பாலானவை, கண்டுபிடித்த கம்பெனியின் சரக்கே இல்லை. அவையும் ஜெனரிக்தான், பெயர் சூட்டிக்கொண்ட ஜெனரிக்!

அப்புறம் ஏன் விலை வித்தியாசம்? இது நம்ம சப்ஜெக்ட். மருந்துப்பொடிக்கு ஆகும் செலவு ஒரு பங்கு. மேலே விளம்பரம், பை தூக்கி அலையும் ரெப்புகளின் சம்பளம், மொத்த வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம் என்று மாடி மேல் மாடி. அட்டையில் அச்சடித்த எம்.ஆர்.பி. உச்சவரம்புதான், அடக்க விலை அல்ல.

எண்பதும் நூற்று இருபத்தைந்தும்

"ஜெனரிக்கில் மருந்து இருபது சதவீதம் கம்மியாமே?" என்று டீக்கடையில் ஒருவர் அடித்து விட்டார். தப்பு சார். இரண்டு மாத்திரையையும் ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தில் சேரும் அளவை ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டில் வரும் சராசரி மட்டுமல்ல, அதன் பிழை வரம்பு மொத்தமுமே 80-லிருந்து 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சராசரி நூறுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது சாத்தியம். நம் நாட்டில் சுலபமாகக் கரையாத பல ரக மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமானது 2017-ல்தான்.

காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு ஜெனரிக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை. 1995 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக வாங்கித் தருவது ஜெனரிக்தானே! 2008-ல் ஜன் ஔஷதி வந்தது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

எரிகிற வேகம்

ஆனால் மெதுவாக வேலை செய்யும் மாத்திரையில்தான் லேபிள் தத்துவம் இடறுகிறது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் சுமார் நாலு மணி நேரம் நிற்கும். நீண்ட நேர ரகம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். ஒன்றில், மாத்திரைக்குள் தண்ணீர் புகுந்து மருந்தைச் சின்ன ஓட்டை வழியே பிதுக்கித் தள்ளும். இன்னொன்றில் பூச்சு மெல்லக் கரையும். மருந்து ஒன்றேதான், எரிகிற வேகம் வேறு!

அமெரிக்காவில் 2014 நவம்பரில் இதுவே பெரிய பிரச்னையானது. 'கன்சர்ட்டா' என்ற பிராண்டுக்கு ஈடாக வந்த இரண்டு ஜெனரிக்குகள், சிலருக்கு ஏழிலிருந்து பன்னிரண்டாவது மணி வரை மருந்தை மந்தமாக விடக்கூடும் என்று அங்குள்ள எஃப்.டி.ஏ. கண்டது. பிராண்டுக்குப் பதிலாகத் தானாக மாற்றிக் கொடுக்கலாம் என்ற தகுதியை இரண்டிடமிருந்தும் பறித்தது. எல்லா ஜெனரிக்கும் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த ரகத்தில் 'அதே மருந்து' என்ற ஒரு வார்த்தை மட்டும் போதாது.

சிநேகிதன் டாக்டரிடமே கேட்டான். "மாத்திப் பார்ப்போம். ஆனா டீச்சர்கிட்ட ஒரு நோட்டு கொடுங்க" என்றார். மூன்று வாரம் கழித்து நோட்டில் ஒரே பல்லவி: 'காலையில் நல்ல பிள்ளை. கடைசி இரண்டு பீரியடு பிடிக்க முடியவில்லை.' டாக்டர் பழைய மாத்திரைக்கே திருப்பினார். நோட்டு இல்லையென்றால் பழி பையன் முதுகில்தான் விழுந்திருக்கும்!

கவனிக்க வேண்டியவை

இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் விற்கலாம். சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். கடையில் இருப்பு இல்லையென்றால் "இதையே குடுங்க அண்ணாச்சி" என்று வேறு ரகத்தை வாங்காதீர்கள். டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

நீண்ட நேர மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கவே கூடாது. நாள் முழுக்க வர வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். பசி, தூக்கம், எடையைக் குறித்து வையுங்கள். கம்பெனி மாறினால் தேதியோடு எழுதுங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் நிற்கும்? மாற்றினால் எதைக் கவனிக்க? குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

கடைசிக் கேள்விக்குக் கூச்சமே வேண்டாம். டாக்டருக்கும் உங்கள் சம்பளத் தேதி தெரிந்தால்தான் மாசக் கடைசியிலும் பையனுக்கு மாத்திரை நிற்காது!