கடிவாளமும் நெம்புகோலும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்றோர் இடம் உண்டு. மாவும் தென்னையும் நிறைந்த தோப்புகள் மலையின் காலடி வரை படர்ந்திருக்கும். அவற்றுக்கு அப்பால் காடு. 1988-ஆம் ஆண்டு நரை அணில்களுக்கெனச் சரணாலயமாக்கப்பட்ட அக்காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாயிற்று. காட்டின் எல்லைக்கு இப்பாலுள்ள மாந்தோப்பு ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் குதிரை வளர்த்து வருகின்றார். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனக் குதிரை அது. காதுகளின் முனைகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவது அவ்வினத்தின் அடையாளங்களுள் ஒன்று.

ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், குதிரை சொன்னபடி நிற்பதில்லை. போன வாரம் ஒரு மயில் புதரிலிருந்து எழுந்ததற்கு மிரண்டு, மகளைச் சுமந்துகொண்டு ஓடை வரைக்கும் ஓடிவிட்டது. பிள்ளை விழாமல் தப்பியது தெய்வச் செயல். அமெரிக்க மாட்டுக்காரர்கள் போடுகிற கடிவாளம் ஒன்று தபாலில் வரவழைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்றார். நான் பெளதிகம் கற்பித்தவன். கல்லூரி நாளில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சிறிது காலம் பயின்றவன். இவ்விரண்டையும் அவர் மறக்கவில்லை. மறுநாட் காலை ஓர் அடிக்கோலையும் பள்ளிக்கூடத்து வில் தராசையும் பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வந்திருந்த கடிவாளம் பார்வைக்கு அழகானதுதான். வெள்ளிபோல் மின்னிற்று. குதிரையின் வாயினுள் கிடக்கும் வாய்க்கம்பி ஒன்று. அதன் இரு முனைகளிலும் வாய்க்கு வெளியே தொங்கும் பக்கத்தண்டுகள் இரண்டு. ஒவ்வொரு தண்டின் மேல்நுனி வளையத்திலும் தலைவார் பூட்டப்படும். கீழ்நுனி வளையத்தில், ஏறியவர் கையிற் பிடிக்கும் பிடிவார். மேல் வளையங்கள் இரண்டையும் இணைத்துத் தாடையின் அடியாகச் செல்லும் சங்கிலி ஒன்றும் உண்டு. இவ்வமைப்பையே கர்ப் என்பார்கள். நம்மூர் வண்டிக் குதிரைகளின் வாயில் கிடந்த எளிய கடிவாளம் வேறு. அதற்குத் தண்டு இல்லை; சங்கிலியும் இல்லை; வாய்க்கம்பியின் இருபுறமும் வளையம் மட்டுமே. அதனை ஸ்னாஃபில் என்பார்கள். அதில் நாம் ஒரு பங்கு இழுத்தால் குதிரை ஒரு பங்கே உணரும். கர்ப் அப்படியன்று, அது நெம்புகோல்.

இங்கே குதிரையின் வாயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். முன்பற்கள் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு; புல்லைக் கறிப்பவை அவையே. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் நெடுந்தூரம் தள்ளி, கன்னத்தின் உட்புறம் இருக்கின்றன. இடையே சில அங்குல நீளத்திற்குப் பெரும்பாலும் பல்லில்லாத வெற்றிடம். பெரும்பாலும் ஆண் குதிரைக்கே அவ்விடத்தின் முற்பகுதியில் கோரைப்பற்கள் முளைக்கும். இவ்வெற்றிடம் இல்லையெனில் கடிவாளம் என்ற கருவியே மனிதனுக்குத் தோன்றியிராது. ஆனால் அவ்விடத்துத் தாடையெலும்பு கூரிய விளிம்புடையது. அதன்மேல் மெல்லிய ஈறு ஒன்றே போர்வை. உங்கள் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புற எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் ஓர் இரும்புக் கம்பியை வைத்து அழுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் மாணவரை எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை. அவருடைய முன்கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின்மீது வாய்க்கம்பியை வைத்து, சங்கிலியைக் கையின் மறுபுறமாகச் சுற்றி மாட்டினேன். கீழ் வளையங்களில் பிடிவாரையும், வாரின் நடுவில் வில் தராசையும் கோத்து மெல்ல இழுத்தேன். முள் அரைக் கிலோவைத் தொடுமுன்னரே, "போதும் சார், போதும்!" என்று கையை உதறினார். அவர் மகள் அருகே நின்று நகைத்தாள். "அரைக் கிலோ கத்தரிக்காய் தூக்க மாட்டாயா அப்பா?" என்றாள்.

அடிக்கோலால் அளந்தோம். வாய்க்கம்பியிலிருந்து மேல் வளையம் வரை 1½ அங்குலம். கீழ் வளையம் வரை 7½ அங்குலம். நெம்புகோலின் விதியை நீங்கள் அறிவீர்கள்: விசையையும் அதன் தூரத்தையும் பெருக்கிவரும் தொகை இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். கீழ்த்தண்டு மேல்தண்டினும் ஐந்து மடங்கு நீளமாதலின், பிடிவாரில் 1 கிலோ இழுத்தால், சங்கிலி இறுகிய பின், அது தாடையை ஏறக்குறைய 5 கிலோ அளவு நெரிக்கும். இத்துடன் முடிந்ததா? இல்லை. நாம் இழுக்கும் 1 கிலோவையும் சங்கிலி இழுக்கும் 5 கிலோவையும் சேர்த்துத் தாங்குவது, நடுவிலுள்ள வாய்க்கம்பியின் கீழ்க் கிடக்கும் நாவும் ஈறுமே. ஆகவே அங்கே 6 கிலோ. தலைவார் வழியாக உச்சந்தலையும் இதில் சிறிது பங்கு கொள்ளும் என்பதால் இக்கணக்குத் தோராயமானது. ஆனால் தோராயமே அச்சுறுத்தப் போதுமானது. மிரண்ட குதிரையின் மேலிருந்து அஞ்சிய ஒருவர் 10 கிலோ எடைக்கு ஈடாக இழுப்பது அரிதன்று. அப்போது அம்மெல்லிய ஈறு தாங்க வேண்டியது 60 கிலோ!

"அவ்வளவு வலித்தால் நின்றுவிடுமே, தாத்தா?" என்று அப்பெண் வினவினாள். நல்ல கேள்வி. வலி தரும் பொருளிலிருந்து ஓடித் தப்புவதே குதிரையின் பிறவிக் குணம். வலி வாய்க்குள்ளேயே இருக்குமாயின் அது எங்கே ஓடித் தப்பும்? தலையை உயர்த்தும், வாயைப் பிளக்கும், நாவைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போடும், பின்னங்கால்களில் எழுந்து மல்லாந்து விழுந்தாலும் விழும். கடுமையான கடிவாளத்தால் ஓட்டத்தை நிறுத்த முயல்வது, எரியும் நெய்யில் நீரை ஊற்றுவது போன்றது.

பின்னர் ஏன் அமெரிக்க மாட்டுக்காரர்கள் இதனை விரும்பினார்கள்? கதை ஸ்பெயினிலிருந்து தொடங்குகின்றது. 1519-ஆம் ஆண்டில் கோர்ட்டெஸ் என்பவர் மெக்சிகோவில் இறங்கியபோது அவருடன் சென்ற குதிரைகள் பதினாறு. அவரைத் தொடர்ந்து குடியேறியவர்களுடன் ஸ்பானியக் கடிவாளமும் சேணமும் அந்நாட்டில் பரவின. பரந்த வெளிகளில் மாடு மேய்த்தவர்க்கு ஒரு கையில் சுருக்குக் கயிறு. மற்றொரு கைதான் குதிரைக்கு. ஆகவே பிடிவார் தளர்ந்தே தொங்கும். கழுத்தின் ஒரு பக்கத்தில் வார் உராய்ந்தால் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்று குதிரையைப் பழக்கிவிடுவர். நிறுத்துவதற்கு இரண்டு விரல்களின் அசைவு போதும். தண்டு சிறிது நகரத் தொடங்கியதுமே, வலி வருமுன் குதிரை குறிப்பறிந்துகொள்ளும். கலிபோர்னியாவின் பழைய முறையில், குதிரையின் வாயில் இரும்பே வைக்காமல் மூக்குப்பட்டையாலேயே நெடுங்காலம் பழக்கி, பின்னர்ச் சில காலம் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, ஆண்டுகள் சில கழிந்த பிறகே கர்ப்பை மட்டும் தருவார்கள். அங்கே அது படிப்பு முடிந்த குதிரைக்குரிய பட்டம்; முரட்டுக் குதிரைக்குரிய தண்டனையன்று. நம் மாணவருக்குத் தபாலில் வந்து சேர்ந்தது பட்டம் மட்டுமே, படிப்பு வரவில்லை.

இது நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரசர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்தும் கப்பலேறிக் காயலில் இறங்கிய குதிரைகள் அவை. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை; இலாடம் அடித்து மருத்துவம் செய்வோரையும் வணிகர்கள் வரவிடுவதில்லை; குதிரைகள் மடிந்தாலன்றோ அவர்கள் வாணிகம் செழிக்கும்! சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அயல்நாட்டார் கூற்றை எழுத்துக்கு எழுத்து ஏற்க வேண்டுவதில்லை; எண்ணிக்கையில் மிகைப்பாடும் இருக்கலாம். எனினும் குதிரை வந்தது, குதிரையறிவு வரவில்லை என்னும் சாரத்தை நான் ஐயுறவில்லை.

என் சிறுவயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் இரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் ஜட்கா வண்டிகள் ஓடின. ஒரு வண்டிக்காரர் தம் குதிரையின் வாய்க்கம்பியில் முறுக்குக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். அதன் வாயிலிருந்து ஒழுகிய நுரை செந்நிறமாக இருந்ததை வண்டியிலிருந்து இறங்கிய நான் பார்த்தேன். அவர் கொடியவர் அல்லர். தம் உணவிற் பாதியை அக்குதிரைக்கு ஊட்டக் கண்டிருக்கிறேன். கம்பி சுற்றாவிட்டால் குதிரை அடங்காது என்று அவருக்கு யாரோ கற்பித்திருந்தனர். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் வகுத்த விதிகள், முள் வைத்த கடிவாளத்தை அப்போதே தடை செய்திருந்தன. அவரும் அதனை அறியார், நானும் அறியேன்.

மாந்தோப்புக்குத் திரும்புவோம். ஒரு தென்னை ஈர்க்கைக் குதிரையின் வாயில் குறுக்காக வைத்து, இரு கடைவாய்களிலும் நகத்தால் அடையாளமிட்டு அளந்தேன், 4¾ அங்குலம். கர்ப்பின் வாய்க்கம்பி இவ்வளவினும் கால் அங்குலம் கூடுதலாக இருந்தால் சரி. குறுகினால் உதட்டைக் கிள்ளும். மிக அகன்றால் பக்கவாட்டில் நழுவி வளைவு இடம் மாறும். தபாலில் வந்ததோ 5½ அங்குலம். நடுவே நாவுக்கு இடம் தருவதற்காகக் கம்பியை மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். தாழ்ந்த அகன்ற வளைவு நாவிற்கு ஆறுதல். மிக உயர்ந்த வளைவோ மேலண்ணத்தைக் குத்தும். கம்பி மெலிந்திருந்தால் அறுக்கும். மிகப் பருத்திருந்தால் சிறிய வாயில் அடங்காது. நடுவில் மூட்டுடைய கம்பி மென்மையானது என்று பலர் நம்புகின்றனர். தண்டில்லாத ஸ்னாஃபிலில் அது பொருந்தும். நீண்ட தண்டும் சங்கிலியும் சேர்ந்தவிடத்தில் அம்மூட்டு பாக்குவெட்டிபோல் மடங்கித் தாடையை இடுக்கும். மூட்டைக் கண்டு ஏமாறாதீர்கள்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு சொல். முறுக்கின்றித் தட்டையாகத் தாடையடிக் குழிவில் அது படிய வேண்டும். வார் தளர்ந்திருக்கையில் இரண்டு விரல்கள் இடையே தாராளமாக நுழைய வேண்டும். தண்டு ஏறக்குறைய 45 பாகை பின்வாங்கிய பிறகே சங்கிலி இறுகலாம். அந்த இடைவெளிதான் குதிரைக்கு நாம் தரும் அவகாசம். தண்டு பின்னோக்கி வளைந்திருப்பின் அவகாசம் இன்னும் சிறிது நீளும்.

இவ்வளவும் பேசி முடித்து, வாயை நன்கு பார்க்க வெளிச்சத்தில் உதட்டை விலக்கியபோது, குதிரை கன்னத்தைத் தொடவிடாமல் தலையை வெட்டி இழுத்தது. ஐயுற்று, கால்நடை மருத்துவரை அழைக்கச் சொன்னேன். அவர் வாய்திறப்பான் பொருத்திப் பார்த்து, மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கத்திபோல் தேய்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கீறியிருப்பதைக் காட்டினார். இழுத்த போதெல்லாம் கன்னம் அவ்விளிம்பில் உரசியிருக்கின்றது. மயில் எழுந்தது ஒரு கணம். அதன்பின் ஓடை வரை ஓட்டியது அந்தப் புண். அவர் நீண்ட அரத்தால் விளிம்புகளைத் தேய்த்து மழுங்கச் செய்து, மூன்று வாரம் வாயில் இரும்பே வைக்கக் கூடாது என்று கூறிச் சென்றார்.

மாணவருக்கு நான் சொன்ன முறை இதுதான். புண் ஆறியபின் ஆறு மாதம் வழுவழுப்பான ஸ்னாஃபில், இரண்டு கைகளாலும் பிடிவார். நடை, நிற்றல், திரும்புதல் ஆகியவை அதில் அமைந்த பின்னரே கர்ப். அதுவும் மேல்தண்டு 2 அங்குலம், கீழ்த்தண்டு 4 அங்குலம், மூட்டில்லாத 5 அங்குல வாய்க்கம்பி, தாழ்ந்த வளைவு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கிலிக்கு இருமடங்கு, ஈறுக்கு மும்மடங்கு. ஏறுபவர் கை நடுங்கினாலும் மும்மடங்கு நடுக்கமே குதிரைக்குச் செல்லும், ஆறு மடங்கன்று. கை நன்கு பழகாதவர் ஏறும் நாளில் மீண்டும் ஸ்னாஃபிலே மாட்ட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். "அப்படியானால் அப்பாவுக்கு எப்போதும் ஸ்னாஃபில்தான்" என்றாள் மகள்.

சென்ற தைப் பொங்கல் விடுமுறையில் மீண்டும் போயிருந்தேன். அவள் ஒரு கையால் வாரைத் தளரப் பிடித்துத் தோப்பின் வரப்போரமாக வந்தாள். என்னைக் கண்டதும் சேணத்தில் சற்றே பின்சாய்ந்து அமர்ந்தாள், குதிரை நின்றுவிட்டது. வார் இழுபட்டதை நான் பார்க்கவில்லை.

தபாலில் வந்த அந்த நீண்ட கடிவாளத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது எங்கள் ஊர்ப் பள்ளியொன்றின் பெளதிக ஆய்வுக்கூடத்தில், வில் தராசுக்குப் பக்கத்திலே ஆணியில் தொங்குகின்றது. நெம்புகோல் பாடம் வரும் நாளில் மாணவர்கள் தங்கள் முன்கையில் அதனை மாட்டிப் பார்க்கின்றனர்.